குறைந்த கொட்டேஷன் எங்கே குறைந்தது? எச்.டி. லைன் போட கான்ட்ராக்டர் தேடும் ஆலை உரிமையாளருக்கு

வாசகர் கேள்வி: காங்கேயம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறேன். எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பிலிருந்து எச்.டி.க்கு (உயரழுத்தத்துக்கு) மாறுகிறேன். அருகில் போகும் 22 கே.வி. ஃபீடரிலிருந்து (இ.பி.யின் மின்பாதையிலிருந்து) ஆலை வரை சுமார் 1.2 கிலோமீட்டர் லைன் வர வேண்டும். இ.பி. எஸ்டிமேட் ஒப்புதலாகிவிட்டது. மேற்பார்வைக் கட்டணம் கட்டிவிட்டு, வேலையை நானே கான்ட்ராக்டர் வைத்துச் செய்துகொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேர் கொட்டேஷன் தந்தார்கள். மூன்றுமே ஒரே பக்கம், மொத்தத் தொகை மட்டும். ஒருவர் மற்ற இருவரையும்விடக் கால் பங்கு குறைவு. ஆனால் 60 சதவீதம் முன்பணம் கேட்கிறார், லைசென்ஸ் நண்பர் பெயரில் இருக்கிறது என்கிறார். யாரை எடுப்பது? எதையெல்லாம் பார்ப்பது?

பதில்:

இப்போதைக்கு மூவரில் யாருக்கும் வேலை கொடுக்காதீர்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய மூன்று தாள்களை ஒப்பிடவே முடியாது. ஒருவர் 25 கம்பத்துக்கு விலை போட்டிருப்பார், இன்னொருவர் 20 கம்பத்துக்குப் போட்டிருப்பார். யார் குறைவு என்று பார்ப்பதைவிட எங்கே குறைத்தார் என்று பாருங்கள். லைன் வேலையில் கை வைக்கிற இடம் பெரும்பாலும் இரண்டு: மண்ணுக்குள் போவது, கம்பத்தின் உச்சிக்குப் போவது. வேலை முடிந்தபின் நீங்கள் போய்ப் பார்க்க முடியாத இடங்களும் இவைதான்.

பிரிவு அலுவலகத்தில் ஒப்புதலான எஸ்டிமேட்டின் நகலையும் ஸ்கெட்சையும் வாங்குங்கள். அதிலுள்ள ஒவ்வொரு சாமானையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் அளவு, தயாரிப்பாளர் பெயர், ஒன்றின் விலை, மொத்தம், கூலி என்று கட்டம் போட்டு, மூவருக்கும் அதே தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். ‘அதெல்லாம் எதுக்குங்க, முடிச்சுக் குடுத்துடறேன்’ என்கிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

நிரப்பி வந்த தாளில் முதலில் கம்பத்தை எண்ணுங்கள். 1.2 கிலோமீட்டருக்கு 50 மீட்டர் இடைவெளி என்றால் 24 ஸ்பேன் (இரு கம்பங்களுக்கு நடுவிலுள்ள தூரம்), 25 இடத்தில் கம்பம். இதையே 65 மீட்டராக இழுத்தால் 20 இடத்தில் முடிந்துவிடும். ஐந்து கம்பம், ஐந்து குழி, ஐந்து செட் கிராஸ் ஆர்ம் (கம்பத்தின் உச்சியில் குறுக்கே போடும் இரும்பு), இன்சுலேட்டர், எர்த் எல்லாம் மிச்சம். ஆனால் கம்பியின் தொய்வு இடைவெளியின் வர்க்கத்தில் கூடும். அதே இழுவிசையில் 50 மீட்டரை 65 ஆக்கினால் தொய்வு சுமார் 70 சதவீதம் அதிகம். உங்கள் பகுதிக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்கு அப்படித் தொய்ந்த கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஃபீடரே ட்ரிப் ஆகும். கம்ப எண்ணிக்கையும் இடமும் எஸ்டிமேட் ஸ்கெட்சில் உள்ளபடியே இருக்க வேண்டும், மாற்றுவதானால் ஏ.இ.யின் (இ.பி. உதவிப் பொறியாளரின்) எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது கம்பி. எஸ்டிமேட்டில் 7/3.35 ரேபிட் கண்டக்டர் (3.35 மில்லிமீட்டர் இழை ஏழு சேர்த்து முறுக்கிய கம்பி) என்றிருந்தால் மூன்று ஃபேஸுக்கு 3.6 கிலோமீட்டர். தொய்வுக்கும் ஜம்பருக்கும் (கம்பத்தில் இரு பக்கக் கம்பியையும் இணைக்கும் துண்டு) 2 முதல் 3 சதவீதம் சேர்த்தால் சுமார் 3.7 கிலோமீட்டர். ரேபிட் கம்பி கிலோமீட்டருக்கு 214 கிலோ. ஆக, கிட்டத்தட்ட 790 கிலோ வந்து இறங்க வேண்டும். காங்கேயத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. ட்ரம்மோடு ஒரு எடை, வேலை முடிந்து வெறும் ட்ரம், மிச்சக் கம்பியோடு ஒரு எடை போட்டுவிடுங்கள். கூடவே ஒரு மைக்ரோமீட்டர் வாங்கி, கம்பி நுனியில் ஏழு இழைகளையும் பிரித்து ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். 3.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இழை 3.10 இருந்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 14 சதவீதம் போய்விட்டது. கால் பங்கு குறைந்த கொட்டேஷனில் ஒரு பகுதி இங்கேயே ஒளிந்திருக்கலாம். எஸ்டிமேட்டில் ரேபிட்டுக்குப் பதில் ஏ.ஏ.ஏ.சி. (முழு அலுமினியக் கலவைக்) கம்பி எழுதியிருந்தால் எடையும் விட்டமும் வேறு. அப்போது தயாரிப்பாளரின் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம் உங்கள் ஊருக்கே உரியது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் 11 கே.வி., உங்கள் பக்கம் 22 கே.வி. 11 கே.வி.யிலேயே வேலை செய்து பழகியவர் பழைய விலைப் பட்டியலையே நகலெடுத்துத் தருவதுண்டு. பின் இன்சுலேட்டர், டிஸ்க், ஏ.பி. ஸ்விட்ச் (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), கேபிள், டெர்மினேஷன் கிட் (கேபிள் நுனியை முடிக்கும் சாமான்) எல்லாவற்றிலும் 22 கே.வி. என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். லைட்னிங் அரெஸ்டர் (மின்னலிலிருந்து லைனைக் காப்பது) 11 கே.வி. லைனுக்கு 9 கே.வி. ரேட்டிங், 22 கே.வி. லைனுக்கு 18. அந்த ஒரு வரியில் 9 என்றிருந்தால் தாள் முழுவதையும் சந்தேகத்தோடு திரும்பப் படியுங்கள்.

குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் மண் கல்லும் சுக்காம்பாறையும். 9.14 மீட்டர் பி.எஸ்.சி. (முன்னழுத்தக் கான்கிரீட்) கம்பத்தை அதன் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.5 மீட்டர், நட வேண்டும். மூன்றடி தோண்டியதும் பாறை தட்டும். கம்ப்ரஸர் வாடகையை யார் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் குழி அங்கேயே நின்றுவிடும். அப்படி நட்ட கம்பம் நட்ட அன்று நேராகத்தான் நிற்கும், ஐப்பசி மழையில் மண் இளகியதும் சாயும். அதனால் கொட்டேஷன் தாளிலேயே ‘பாறை வந்தால் ஒரு குழிக்கு இவ்வளவு கூடுதல்’ என்று தனி வரி கேளுங்கள். அந்த வரியில் நியாயமான தொகை எழுதியவர் உங்கள் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர். வெறுமனே விட்டவர் உங்கள் ஊருக்கே வராமல் விலை போட்டிருக்கலாம்.

ஆழத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கம்பங்கள் தரையில் கிடக்கும்போதே ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து அளந்து 3 மீட்டரில் சிவப்பு பெயிண்டால் கோடு போடுங்கள். நட்டபின் தரையிலிருந்து அந்தக் கோடு ஒன்றரை மீட்டருக்கு மேலே இருந்தால் குழி ஆழம் போதவில்லை. டேப் மட்டும் போதும், கம்பத்தில் ஏற வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். குழியைக் கான்கிரீட் போட்டு மூடச் சொல்லியிருந்தால் மூடும் அன்று உங்கள் ஆள் ஒருவர் நின்று ஒவ்வொரு குழியையும் கம்ப எண்ணோடு செல்போனில் படமெடுக்கட்டும்.

ஸ்டே (கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் சாய்வுக் கம்பி), திருப்பத்திலும் லைன் முடியும் இடத்திலும் கட்டாயம். ஸ்டே கம்பியில் ஸ்டே இன்சுலேட்டர் இருக்கிறதா, அது தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன பீங்கான் இல்லாத ஸ்டேயில் மேலே கம்பி பட்டால் கீழே மாடு கட்டியிருப்பவருக்கு ஆபத்து. எர்த் பைப்புக்கு ஐ.எஸ். 3043 சொல்லும் நீளம் 2.5 மீட்டர். பாறையில் இறங்கவில்லை என்று பாதியை அறுத்துவிட்டு மேலே கான்கிரீட் மூடி போடுவதும் நடக்கிறது. இதற்கும் நட்டபின் சோதனை உண்டு: எர்த் டெஸ்டர் வைத்து ஒவ்வொரு பிட்டையும் (எர்த் குழியையும்) தனித்தனியாக, மழை பெய்யாத வாரத்தில் அளந்து எழுதி வாங்குங்கள். பைப்புகள் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் தள்ளி இருந்தால்தான் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யும். பக்கத்தில் பக்கத்தில் மூன்று பிட் போட்டுவிட்டு மூன்றுக்கும் பில் போடுவதை ஏற்காதீர்கள். அரெஸ்டரின் எர்த் கம்பி நேராக, குட்டையாக, சுருளோ கூர்மையான வளைவோ இல்லாமல் இறங்க வேண்டும்.

கம்பி இழுக்கும் நாள் முக்கியம். ட்ரம்மை ஸ்டாண்டில் ஏற்றி, கம்பத்தில் ரோலர் மாட்டித்தான் இழுக்க வேண்டும். டிராக்டரில் கட்டிச் சுக்காம்பாறை மேல் தரதரவென்று இழுத்தால் அலுமினிய இழையில் கீறல் விழும், பின்னாளில் அந்த இடத்தில்தான் அறும். சாலையைக் கடக்கும் ஸ்பேனில் ஜாயிண்ட் இருக்கக் கூடாது. ஜம்பரைக் கையால் முறுக்கி விடாமல் பி.ஜி. கிளாம்ப் (இரு கம்பியையும் இணையாக வைத்து போல்ட்டால் இறுக்கும் கிளாம்ப்) போட வேண்டும். கிளாம்ப் போடுமுன் அலுமினியத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து கிரீஸ் தடவ வேண்டும். இதைத் தவிர்த்த கிளாம்ப் ஆலை முழு லோடில் ஓடும்போது சூடாகி, ஒருநாள் ஒரு ஃபேஸ் போய் மோட்டார் எரியும்.

தொய்வு சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. லைன் இன்னும் ஃபீடரில் சேராமல், எர்த் செய்யப்பட்டிருக்கும்போது, கான்ட்ராக்டரின் ஆள் கம்பத்துக்கு அருகில் கம்பியை ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்த அதிர்வு அடுத்த கம்பம் வரை போய்த் திரும்புகிறது. மூன்றாவது முறை திரும்பி வரும் வரை ஸ்டாப்வாட்சில் எத்தனை விநாடி என்று எண்ணி, அந்த விநாடியை அதனாலேயே பெருக்கி, 0.034ஆல் பெருக்கினால் தொய்வு மீட்டரில் வரும். 3.4 விநாடி என்றால் சுமார் 0.39 மீட்டர். கம்பியின் எடையும் இழுவிசையும் இந்தக் கணக்கில் தனியாகத் தேவையில்லை. மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே விநாடி வர வேண்டும். வந்த எண்ணை அன்றைய வெயிலுக்கான சாக் சார்ட்டோடு (வெப்பநிலைக்கேற்ற தொய்வு அட்டவணையோடு) ஒப்பிடச் சொல்லுங்கள். நேர்முகத்திலேயே ‘தொய்வை எப்படிப் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். இந்த முறையோ சைட்டிங் முறையோ (கம்பத்தில் குறி வைத்து நேர்க்கோட்டில் பார்ப்பது) சொல்பவர் வேலை தெரிந்தவர். மின்னேற்றம் ஆனபிறகு இதை யாரும் எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது.

கடைசிக் கம்பத்திலிருந்து ஆலைக்குள் கேபிள் போகிறது என்றால், 22 கே.வி. கேபிள் 1.05 மீட்டர் ஆழத்தில், மணல் படுக்கையில், மேலே செங்கலோ ஓடோ வைத்துப் போக வேண்டும். கேபிள் ட்ரம்மின் நுனியை மூடாமல் ஒரு மழையில் விட்டாலே உள்ளே ஈரம் ஏறிவிடும். டெர்மினேஷன் செய்பவர் அதற்கென்று பயிற்சி பெற்ற ஜாயிண்டரா என்று கேளுங்கள். கறுப்பு செமிகண்டக்டர் அடுக்கை உரிக்கும்போது கத்தி கீழே உள்ள இன்சுலேஷனில் ஒரு கீறல் விட்டால் அது உடனே தெரியாது, சில மாதம் கழித்து வெடிக்கும். கேபிள் போட்டபின் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) டெஸ்ட் எழுதி வாங்குங்கள். எக்ஸ்.எல்.பி.இ. (பாலிஎத்திலீன் இன்சுலேஷன்) கேபிளுக்குப் பழைய பாணி டி.சி. ஹை-பாட் (நேர்மின் உயரழுத்தச் சோதனை) வேண்டாம், அது இன்சுலேஷனுக்குக் கேடு.

இனி ஆளைப் பற்றி. நண்பர் பெயரில் லைசென்ஸ் என்பதை நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தந்த கான்ட்ராக்டர் லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவர் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். லைசென்ஸின் செல்லுபடித் தேதியையும், எந்த மின்னழுத்தம் வரை வேலை செய்யலாம் என்பதையும் படித்துப் பாருங்கள். எல்.டி. வேலைக்கான லைசென்ஸை வைத்துக்கொண்டு 22 கே.வி. லைன் போட முடியாது. இரவல் லைசென்ஸில் வேலை நடந்து ஒருவர் கம்பத்திலிருந்து விழுந்தால் லைசென்ஸ்காரர் ‘எனக்குத் தெரியாது’ என்பார், வேலை செய்தவர் போனை அணைத்துவிடுவார், முதன்மை முதலாளி என்ற முறையில் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் வாசலுக்கு வரும்.

சி சர்டிபிகேட் சூப்பர்வைசர் யார், பி சர்டிபிகேட் வயர்மேன்கள் யார் யார் என்று பெயரோடு பட்டியல் வாங்குங்கள். கடந்த மூன்று மாத இ.பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானில் அதே பெயர்கள் இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். பெயர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் கம்பத்தில் ஏறப்போவது அன்றன்றைக்குக் கூட்டிவந்த கூலியாட்கள். தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி வேலை முடியும் தேதி வரை இருக்க வேண்டும், தலைக்கணக்கு சரியாக இருக்க வேண்டும். வேலையை இன்னொருவருக்கு உள்குத்தகை விட உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்று ஒரு வரி போதும்.

அவர் இரண்டு மூன்று வருடம் முன் முடித்த இரண்டு லைன்களைக் காட்டச் சொல்லி நேரில் போங்கள். புது லைன் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பழைய லைனில் கம்பங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, ஸ்டே தளர்ந்து தொங்குகிறதா, எர்த் கம்பி பிட் வரை முழுசாக இருக்கிறதா என்று கீழே நின்றே பார்க்கலாம். அந்த ஆலைக்காரரிடம் ‘வேலை நல்லா இருந்துச்சா?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்றுதான் வரும். போன ஆடியில் எத்தனை தடவை கரண்ட் போனது, போனபோது கான்ட்ராக்டர் வந்தாரா, கடைசி தவணை எப்போது கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

என்னுடைய அனுபவத்தில் ஆளை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும் என்றால் அது இதுதான்: ‘டேப்பிங் எடுக்கும் அன்று (ஃபீடரில் புது லைனைச் சேர்க்கும் அன்று) லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) எப்படி வாங்குவீர்கள்?’ பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இ.பி. ஆள் வந்து ஏ.பி. ஸ்விட்சைத் திறந்து பூட்டி, மூன்று பிளேடும் முழுசாகத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, டிடெக்டரால் சோதித்து, வேலை நடக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்டபின்தான் ஏறுவோம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். எர்த் ராடில் முதலில் பூமிப் பக்கம் கிளாம்ப், அப்புறம் கம்பி, எடுக்கும்போது தலைகீழ். ஏ.பி. ஸ்விட்சில் ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டு திறக்காமல் நிற்பதுண்டு. பக்கத்து ஆலையின் ஜெனரேட்டரோ கூரை சோலாரோ பின்வழியாகக் கரண்டைத் தள்ளுவதும் உண்டு. இரண்டு பக்கமும் எர்த் கேட்பது இதற்காகத்தான். ‘நம்ம பையனே திறந்துடுவான் சார், அரை மணி வேலை’ என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும்.

முன்பணம் 60 சதவீதம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தன்று 15, அதுவும் பேங்க் கியாரண்டிக்கு எதிராக அல்லது உங்கள் பெயரில் வாங்கிய சாமான் பில்லுக்கு எதிராக. கம்பமும் கம்பியும் இன்சுலேட்டரும் இடத்துக்கு வந்து, எடை போட்டு, டெஸ்ட் சர்டிபிகேட் ஒப்பிட்டபின் 40. கம்பம், ஸ்டே, எர்த் முடிந்து அளவு எழுதிய பின் 20. லைன் இழுத்து, மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்று வந்து, மின்னேற்றம் ஆனபின் 15. மீதி 10 சதவீதம் 12 மாதம் உங்களிடமே இருக்கட்டும், ஓர் ஆடிக் காற்றையும் ஓர் ஐப்பசி மழையையும் லைன் பார்த்துவிடும். லைன் இ.பி. சொத்தாக மாறிவிடும் என்றாலும், வேலைக் கோளாறால் வரும் ட்ரிப்பில் ஆலை நிற்பது உங்களுக்குத்தான். சிறிய கான்ட்ராக்டர் இந்தத் தவணையில் திணறினால் சாமானை நீங்களே நேரடியாக வாங்கிக் கொடுத்து கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போடலாம். இ.பி. ஏற்கும் தயாரிப்பாளர்களிடம்தான் வாங்க வேண்டும், அதை ஏ.இ.யிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடுவைப் பற்றி ஒன்று. தாமதமாகும் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம் என்று வைப்பது வழக்கம். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் கம்பம் நட விடாமல் தடுத்தால் அது கான்ட்ராக்டர் குற்றமில்லை. யார் நிலத்தில் எந்தக் கம்பம், எந்தத் தென்னையின் மட்டை வெட்ட வேண்டும் என்று இப்போதே லைன் போகும் வழியில் நடந்து, சம்மதத்தை எழுத்தில் வாங்குவது உங்கள் வேலை. அப்படி நடக்கும்போது டேப்போடு போங்கள். 22 கே.வி. கம்பி சாலைக்குக் குறுக்கே 6.1 மீட்டர், சாலையோரமாகப் போனால் 5.8, மற்ற இடங்களில் 5.2 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. கட்டடத்திலிருந்து மேலே 3.7 மீட்டரும் பக்கவாட்டில் 2 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். தேங்காய் மட்டை ஏற்றிய லாரி உங்கள் கேட்டுக்குள் எந்த இடத்தில் திரும்புகிறது, கொப்பரைக் களத்துக்கு மேல் லைன் போகிறதா என்பதை ஸ்கெட்ச் போட்டவர் அறிந்திருக்கமாட்டார். கம்பத்தின் இடத்தை மாற்ற வேண்டுமானால் குழி தோண்டுமுன் ஏ.இ.யிடம் சொல்லுங்கள்.

மின்னேற்றத் தவணையைக் கொடுக்குமுன் கையில் இருக்க வேண்டியவை: கம்ப எண்ணோடு உண்மையில் போட்டபடியான ஸ்கெட்ச், எர்த் அளவுகள், மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) மற்றும் கேபிள் டெஸ்ட் அறிக்கை, கம்பி, இன்சுலேட்டர், அரெஸ்டருக்கான சர்டிபிகேட், குழிப் படங்கள், ஏ.பி. ஸ்விட்ச் சாவியும் அதை இ.பி.யிடம் ஒப்படைத்த ரசீதும். கட்டம் நிரப்பித் திரும்பி வந்த மூன்று தாள்களையும், தொகையை மறைத்துவிட்டு, எனக்கு அனுப்பினால் அளவுகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.